ஷாதிபூர் குழாயடியில் ஏதன்ஸ்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, சூடான கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் ஓடும் பாருங்கள், அந்த மாதிரி நாலா பக்கமும் ஓடும். எழுத்துப் பிழைக்கும் குறைவிருக்காது. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு போர்ட் பிளேரில் மைதா மாவோடுதான் சகவாசம். ஷாதிபூரில் ஒரு பாய் கடையில் பரோட்டா மாஸ்டர் நான். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருந்தால், அப்படிச் சொல்வதே பிழை என்றாலும், பத்திரிகையில் படித்தவர்கள் இருப்பார்கள், திருத்திக்கொள்ளட்டும்.

வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே கேம்பல் பே வரை இந்தத் தீவுகளில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை உண்டு. கப்பல் டிக்கெட் கிடைக்குமா, மெயின்லேண்டிலிருந்து வெங்காயம் வந்து சேருமா, மழைக்கு முன் தகரத்தை மாற்ற முடியுமா. ஆனால் ஏதன்ஸ் நகரத்தை யார் ஆள வேண்டும் என்று கவலைப்பட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் எங்கள் சுக்கான் சார்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தின கவலை அது. இன்னும் தீராமல் எங்கள் லைன் வீட்டில் ஏழாம் நம்பர் அறையில் குடியிருந்தது.

அப்படிப்பட்ட மனிதரை லைனில் வைத்துக்கொள்வதா, வெளியே அனுப்புவதா என்று ஒரு காலையில் நாங்கள் ஓட்டாஞ்சில்லில் பேர் எழுதி முடிவு செய்தோம். அவரை வெளியே அனுப்பிய கடைசி ஓட்டு என்னுடையது. அதைச் சொல்லிவிடத்தான் இவ்வளவு நாளாக எழுத நினைத்து, வெட்கப்பட்டு, தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சுக்கான் சாரின் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை. மெயின்லேண்டுக்கும் இங்கேயும் போய்வரும் கப்பலில் சுக்கான் பிடித்தவர். சொந்தப் பேர் அவருக்கே சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் ஞாபகம் வரும். ஒரு தடவை கப்பலில் பங்க் கிளாஸ் படுக்கைக்கு அடியில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் கிடந்திருக்கிறது. முன் அட்டை இல்லை, பின் அட்டை இல்லை, எழுதினவர் பேரும் இல்லை. போக மூன்று நாள், வர மூன்று நாள் என்று டூட்டி இல்லாத நேரமெல்லாம் அதைப் படித்தார். புரியாத சொல்லுக்கு ஆபீசர்களிடம் அர்த்தம் கேட்டார். அவர்கள் ஓடி ஒளிய ஆரம்பித்த பிறகு அகராதி வாங்கினார். ரிட்டயர் ஆகி எங்கள் லைனுக்கு வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அந்தப் புத்தகம், இவ்வளவுதான் சாமான்.

கிரேக்கப் பேர்கள் எங்கள் வாயில் நுழையாது என்று எல்லாருக்கும் அவரே பேர் வைத்துவிட்டார். தெருத்தெருவாகப் போய்க் கேள்வி கேட்டு எல்லாரையும் மடக்கிய கிழவர் 'கேள்விக்காரர்'. அவருடைய சீடர் 'அகலத்தோளார்'. தோள் அவ்வளவு அகலமாம். இந்த இரண்டு பேரையும் பக்கத்து டாலிகஞ்சில் இருக்கிற சொந்தக்காரர்கள் மாதிரி பேசுவார். வருஷத்தில் ஒரு நாள், அவராகவே குறித்துக்கொண்ட ஒரு நாளில், கேள்விக்காரருக்காகப் பட்டினி கிடப்பார். முதல் வருஷம் பக்கத்து அறை ரஹ்மத் அக்காவுக்கு விஷயம் தெரியாது. துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்.

"யாருண்ணே தவறுனது? கூடப் பொறந்தவகளா?"

"அதுக்கும் மேல தாயி. விஷம் குடுத்துக் கொன்னுட்டானுவ."

"அல்லாவே! எந்தப் பாவி?"

"ஊரே சேந்து. ஓட்டுப் போட்டுக் கொன்னானுவ. கேள்வி கேட்டாருன்னு."

"கேள்வி கேட்டதுக்கா? அப்ப 'சோறு ஆச்சா, சோறு ஆச்சா'ன்னு நாளுக்கு நாலு வாட்டி கேக்குறாரே எங்க வூட்டுக்காரரு, அவரை என்ன பண்றது?" என்றார் அக்கா. ஆனாலும் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் கஞ்சி வந்தது. பட்டினியை சார் அதோடு முடித்துக்கொண்டார்.

இப்போது குழாய்க்கு வருகிறேன். எங்கள் லைனில் பன்னிரண்டு அறை, ஒரு குழாய். கோடையில் மூன்று நாளைக்கு ஒரு தடவை, காலையில் அரை மணி நேரம் தண்ணீர் வரும். சுற்றிலும் கடல் இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கடலில் பருப்பு வேகாது.

அந்தக் குழாயை முதலில் ஆண்டவர் மண்டல் தாதா. பெங்காலி; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். மீன் மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். அந்தக் குரல் கேட்டால் செத்த சுர்மை மீன்கூட ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். தன் டிரம் முதலில், தன் மச்சான் டிரம் அடுத்தது, மச்சானுக்கு வேண்டியவர்கள் அதற்கடுத்தது. நாங்கள் பாத்திரத்தோடு நின்று சொட்டை எண்ணுவோம். ஒரு நாள் ரஹ்மத் அக்கா எவர்சில்வர் குடத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வந்து மண்டல் தாதாவின் டிரம்மைக் குழாயடியிலிருந்து உருட்டிவிட்டார். அத்தோடு ராஜ்யம் கவிழ்ந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்த சுக்கான் சாருக்குக் கண்ணெல்லாம் பளபளப்பு. "அப்படியே நடக்குவே! அப்படியே நடக்கு!" என்றார்.

அடுத்து மூன்று பேர் கமிட்டி வைத்தோம். ஒரே வாரத்தில் தெரிந்துபோனது: முன்பு ஒரு டிரம் முதலில் நிறைந்தது, இப்போது மூன்று டிரம் முதலில் நிறைகிறது.

"அங்க முப்பது பேருவே," என்றார் சார் சந்தோஷமாக. "சண்டைல தோத்து, ஸ்பார்ட்டாக்காரன் வந்து கோட்டைச் சுவரை இடிச்சுட்டுப் போனான். அப்புறம் முப்பது பேரு உக்காந்து ஆண்டானுவ. அதுல அகலத்தோளாரோட சொந்தக்காரனுவளும் உண்டு. 'நீயும் வந்து சேருடே'ன்னு கூப்பிட்டானுவ. அவரு வாலிபப் பையன். நல்லது நடக்கும்னு நம்பிப் பாத்தாரு. இவனுவ செஞ்ச கொலையைப் பாத்துட்டு, பழைய ஆட்சியே தங்கம்டான்னு விலகிட்டாரு."

"எங்க கமிட்டில யாரு சார் உங்க சொந்தக்காரன்?" என்று என் பெண்டாட்டி ஜெபா கேட்டாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். எனக்குச் சபையில் பேசினால் காது சூடாகிவிடும். என் பங்குக்கும் சேர்த்து அவள் பேசுவாள்.

கமிட்டியைக் கலைத்துவிட்டு ஜனநாயகம் கொண்டுவந்தோம். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வந்தவுடன், யார் முதலில் பிடிப்பது என்று கை தூக்கி ஓட்டு. முதல் நாள் பத்தாம் நம்பர் வீட்டுக்கும் நாலாம் நம்பர் வீட்டுக்கும் சம ஓட்டு. மறுபடி தூக்கினோம். மறுபடி சமம். யாரோ ஒருத்தர் இரண்டு கையையும் தூக்குகிறார் என்று சந்தேகம் வந்து எல்லாரையும் எண்ணி நிறுத்தினோம். அது யார் என்று கண்டுபிடித்த நேரத்தில் குழாய் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

"இதுதான்! இதேதான்!" என்று சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "முப்பது பேரை விரட்டிட்டு ஜனங்க ஆட்சி வந்துச்சு. வந்த ஜனங்க யாரைக் கொன்னுச்சு? கேள்விக்காரரை! ஒத்தன் ஆண்டாலும் கேடு, நாலு பேரு ஆண்டாலும் கேடு, ஊரே ஆண்டாலும் கேடுன்னு கண்ணால பாத்தாரு அகலத்தோளாரு. அப்பத்தான் அவருக்குத் தோணுச்சு. தெரிஞ்சவன் ஆளணும். கப்பல்ல பாசஞ்சர் எல்லாம் கை தூக்கியா சுக்கானைத் திருப்புறோம்? நட்சத்திரம் பாக்கத் தெரிஞ்சவன் பிடிக்கான். ஆனா மாலுமிப் பய எல்லாம் அவனைப் பாத்து என்ன சொல்லுவான்? 'வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கான், கிறுக்கன்'னு சொல்லுவான்."

எல்லாரும் காலிக் குடத்தோடு அவரைப் பார்த்தோம்.

"அப்ப நீங்களே ஆளுங்களேண்ணே," என்றார் ரஹ்மத் அக்கா. அது கோபத்தில் சொன்ன வார்த்தை. சார் அதைப் பட்டாபிஷேகமாக எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வீடு வீடாக வந்து, எத்தனை பேர், எத்தனை குழந்தை, அரிசி ஊற வைப்பது எப்போது என்று விசாரித்தார். என்னிடம் பரோட்டா மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். அது கடைத் தண்ணீர் என்று சொல்லத் தயங்கினேன். கணக்கில் ஏறிவிட்டது. பிறகு சட்டங்கள் வந்தன. முதல் சட்டம்: குழாயின் திருகுபிடி கழற்றப்பட்டு அவர் சட்டைப் பையில் இருக்கும். இரண்டாவது: இனி யாருக்கும் சொந்த வாளி கிடையாது. எல்லா வாளியும் எல்லாருக்கும் பொது.

"அதெப்படிண்ணே? எங்க உம்மா சீதனமாக் குடுத்த குடம்!"

"என்னுதுன்னு ஒண்ணு இருந்தாத்தான தாயி சண்டை? அகலத்தோளாரு ஆளுறவங்களுக்கு வீடே கூடாதுன்னுட்டாரு."

"அவருக்கு உம்மா சீதனம் குடுக்கல போல."

மறுநாள் அக்காவின் சீதனக் குடம் மண்டல் தாதா வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தது. மண்டல் தாதாவின் மீன் தொட்டியில் அக்கா வீட்டுக் குழந்தை குளித்துக்கொண்டிருந்தது. லைனே நாறியது. அதைச் சமாளிக்க சார் ஒரு கதை சொன்னார். கடவுள் மனிதர்களைப் படைக்கும்போது சிலரைப் பித்தளை கலந்தும், சிலரை எவர்சில்வர் கலந்தும், சிலரைப் பிளாஸ்டிக் கலந்தும் படைத்தார், அதனால் அவரவர் இடத்தில் அவரவர் நிற்க வேண்டும் என்று. "புத்தகத்துல தங்கம், வெள்ளி, இரும்புன்னு இருக்கு. நம்ம லைனுக்குத் தக்கன மாத்திட்டேன்," என்று என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். பிளாஸ்டிக் என்று தீர்ப்பான வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். தண்ணீர் வந்ததே. மூன்றாவது தடவை தண்ணீர் வந்த நாளில்தான் கதை முடிந்தது.

அன்று காலை குழாயடியில் மண்டல் தாதா சும்மா நிற்காமல் வாயைக் கொடுத்தார். "அரே சுக்கான், நியாயம் நியாயம் போல்தா ஹை, நியாயம் க்யா ஹை? ஜிஸ்கி லாட்டி, உஸ்கி பைன்ஸ்!" நியாயமாவது ஒன்றாவது, தடி எவன் கையிலோ எருமை அவனுடையது என்று இங்கே எல்லாரும் சொல்லும் பழமொழி.

சுக்கான் சார் அசந்துபோய் நின்றார். "ஏ மண்டல்! இதைப் புத்தகத்துல ஒருத்தன் சொல்லுதான்டே! இதே வார்த்தை! எருமைதான் இல்லை!" வாழ்நாள் முழுக்க யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி நாற்காலியை மண்டல் தாதாவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, தடி வச்சிருக்கவன் தப்பா முடிவு எடுத்தா? அப்ப அவனுக்கு நல்லது எது?"

மண்டல் தாதா பதில் சொன்னார். சார் அடுத்த கேள்வி கேட்டார். குழாய்க்குள் 'புஸ்' என்று காற்று வந்தது. தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"சார், தண்ணி," என்றாள் ஜெபா.

சார் கையை உயர்த்தினார். "ஒரு நிமிசம்மா. முடிவுக்கு வந்துட்டோம்."

"அண்ணே, திருகுபிடி!"

"இதோ தாயி. மண்டல், அப்ப வைத்தியம் யாருக்காக? வைத்தியனுக்கா, நோயாளிக்கா?"

நான் அவர் பின்னால் நின்றேன். சட்டைப் பையில் திருகுபிடி தெரிகிறது. கையை நீட்டி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படி. அரை மணி நேரம் கழித்து மண்டல் தாதா தலையைத் தொங்கப் போட்டு, "டீக் ஹை, சரிதான், ஆளுறவன் ஜனங்களுக்காகத்தான் ஆளணும்," என்று ஒப்புக்கொண்டார். நியாயம் ஜெயித்தது. சார் எழுந்து, நெற்றியைத் துடைத்து, பிடியை மாட்டித் திருகினார். ஒரு சொட்டு வந்தது.

பன்னிரண்டு வீடு. இன்னும் மூன்று நாள். அன்று எழுந்த சத்தத்தை நான் எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

லைனுக்குச் சொந்தக்காரர் மெயின்லேண்டில் இருக்கிறார். போன் செய்ததற்கு, "ஆளை வச்சுக்கிறதும் அனுப்புறதும் உங்க பாடு," என்று சொல்லிவிட்டார். அவரவர் குடத்தை அவரவர் தேடி எடுத்துக்கொண்டு, சாரை வெளியே அனுப்ப வேண்டும் என்று கூடினோம். ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவரே உதவிக்கு வந்தார்.

"வெக்கப்படாதீங்க. இதுக்கு ஏதன்ஸ்ல முறை இருக்கு. ஊருக்கு ஆகாத ஒருத்தனை வெளிய அனுப்பணும்னா, ஓட்டாஞ்சில்லுல பேரு எழுதிப் போடுவாங்க. யாரு பேரு அதிகமோ அவன் பத்து வருசம் ஊரை விட்டுப் போயிரணும். கோபம் கிடையாது, சண்டை கிடையாது. சமமா வந்தா யாரும் போக வேண்டாம்னு வச்சுக்குவோம்."

அவரே போய் பின்பக்கம் கிடந்த பழைய ஓட்டை உடைத்து, வீட்டுக்கு ஒன்றாகப் பதினொரு துண்டு கொண்டுவந்தார். தனக்கு ஓட்டு வேண்டாம் என்றார். ஓட்டில் எழுதக் கப்பல் பெயிண்டும் சின்ன பிரஷும் அவரிடம்தான் இருந்தன. அதோடு லைனில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்களுக்கும் ஆளுக்கொரு பாஷை. ஆகவே அவரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக அழைத்து, காதில் பேரைக் கேட்டு, எழுதிக் கொடுத்தார்.

மண்டல் தாதாவின் மாமியார் கிழவி வந்து, "பேட்டா, அந்தப் பைத்தியம் சுக்கான் பேர் லிக்," என்றார். சார் அழகாக எழுதினார். காய்வதற்கு ஊதியும் கொடுத்தார். "போதுமா மாஜி?" அப்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "அங்கயும் இப்படித்தான் மாஸ்டர்," என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். "எழுதத் தெரியாத ஒருத்தன், ஆளு தெரியாம, நல்ல மனுசன் ஒருத்தர்கிட்டயே போயி அவரு பேரையே எழுதித் தரச் சொன்னான். அவரும் எழுதிக் குடுத்தாரு. எனக்கும் வாச்சுட்டு பாத்தியா!"

கடைசியாக என் முறை வந்தது. வெறும் துண்டாகப் போட்டுவிடலாம் என்றுதான் நாற்காலிக்குப் பக்கத்தில் போனேன். யார் பேரும் வேண்டாம் சார் என்று சொல்லப் பயிற்சி செய்தும் வைத்திருந்தேன். குனிந்தேன். காது சூடானது.

"எம் பேருதான மாஸ்டர்?" என்று அவர் கேட்டார். திட்டிக் கேட்கவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி.

பெரியவர் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

எண்ணினோம். சுக்கான் ஆறு. மண்டல் ஐந்து.

மண்டல் தாதாவுக்கு இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "அஞ்சா? மேரா நாம்? என் பேரா? யார் எழுதுனது?"

"நாந்தான் எழுதினேன். யாரு சொல்லி எழுதினேன்னு சொல்ல மாட்டேன். சட்டம்," என்றார் சார். ரஹ்மத் அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் போனதும் ஜெபா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஆட்டிட்டிங்களா?" என்றாள். ஆட்டிவிட்டேன் என்பதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

சாருக்குக் கேம்பல் பேயில் பழைய கப்பல்காரர் ஒருவர் சிநேகிதம். அங்கே போகிறேன் என்றார். கப்பல் நாளன்று லைன் மொத்தமும் கப்பல் நிற்கிற ஜெட்டிக்குப் போனோம். டிரங்குப் பெட்டியை மண்டல் தாதா தலையில் தூக்கிக்கொண்டார். ரஹ்மத் அக்கா இரண்டு நாளைக்குச் சோறு கட்டியிருந்தார். அழ வேண்டியவர்கள் அழுது முடித்த பிறகு அறிவிப்பு வந்தது: கடல் சரியில்லை, கப்பல் ரத்து. அதே பெட்டி, அதே சோறு, அதே ஆட்டோவில் திரும்பி வந்தோம்.

லைன் வாசலில் ஒரு சாக்கடை உண்டு. அதன் மேல் ஒரு சிமெண்ட் பலகை. சார் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கண்ணே. அடுத்த கப்பல் வரைக்கும் இருங்க."

"முடியாது தாயி. தீர்ப்பு தீர்ப்புதான். கேள்விக்காரரைச் சிறைல வச்சிருந்தப்ப, தப்பிச்சுப் போக சிநேகிதக்காரங்க வழி பண்ணாங்க. அவரே போகல. நான் போயி சாக்கடையைத் தாண்டுவனா?"

இரவு எதிரே ரஹ்மத் அக்கா வீட்டுக்காரரின் கடை கோடவுனில் படுக்கை. பகல் முழுக்க, பிளாஸ்டிக் நாற்காலி பலகைக்கு அந்தப் பக்கம். அடுத்த கப்பலும் ரத்தானது. அதற்கடுத்ததில் டிக்கெட் இல்லை. அவர் பாட்டுக்குப் புத்தகத்தோடு தெருவில் இருந்தார்.

அப்போதுதான் ஒன்று நடந்தது. தெரு மூலையில் வால்வு திறக்க ஸ்கூட்டரில் ஓர் ஆள் வருவார். லைனுக்குள்ளிருந்து அது தெரியாது. வாசலில் இருப்பவருக்குத் தெரியும். ஒரு காலை சார் தெருவிலிருந்து கப்பலில் கூவுகிற மாதிரி கூவினார்: "வால்வு திறக்கான்! பத்து நிமிசம்! ஒண்ணாம் நம்பர், எட்டாம் நம்பர், ரெடி!" குழந்தை இருக்கிற வீடு முதலில், வேலைக்குப் போகிற வீடு அடுத்து. வெளியே உட்கார்ந்தபடி ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். ஒரு குடம் நிறையும் நேரம் அவருக்கு மனதுக்குள் ஓடும், கப்பலில் பழகியது. அரை மணி நேரத்தில் பதினொரு வீட்டிலும் தண்ணீர். ஒருவரும் ஒருவரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரம் மிச்சமிருந்தும் திட்டவில்லை.

லைனில் எல்லாரும் குழாயடியில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவரிடம் வாளி கிடையாது, அறை கிடையாது, மச்சான் கிடையாது. அவர் கூப்பிட்டால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சாருக்கும் அது உறைத்துவிட்டது. "அகலத்தோளாரு மூணு தடவை கப்பலேறி ஒரு தீவுக்குப் போனாரு மாஸ்டர்," என்று அன்று சாயங்காலம் எனக்குச் சொன்னார். "அங்க இருந்த ராசாவைத் திருத்திப் பாக்கணும்னு. முதல் தடவை போனப்ப அடிமையாவே வித்துப்புட்டான். வாங்கி விடுதலை பண்ண ஒரு சிநேகிதன் இருந்தான், பொழச்சாரு. நான் இங்க ராசாவா உக்காந்தப்ப ஆகாத காரியம், தெருவுல உக்காந்ததும் ஆகுது பாரு. ஆளுறவனுக்கு வாளி கூடாதுன்னா, அது வாளி இருக்கவங்கிட்ட இருந்து வாளியைப் புடுங்குறது இல்ல போலருக்கு. புத்தகத்தை நான் தப்பாப் படிச்சிருக்கேன்டே."

இந்தப் பேச்சை மண்டல் தாதா கேட்டுவிட்டார். மறுநாள் குழாயடியில் அவர் கணக்குச் சுத்தமாக இருந்தது. "ஆதமி வெளிய இருந்தா தண்ணி டீக். அப்ப அவரை வெளியவே வைக்கலாம்!" இரண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள்.

"கேட்டிங்களா?" என்றாள் ஜெபா. "நீங்க தலையாட்டுனதுக்கு அந்த மனுசன் காலம் பூரா தெருவுல உக்காரணுமாம். நீங்கதான் கூப்பிடணும்."

"நான் எப்படி..."

"வாயாலதான்."

நான் கூப்பிடுவதற்குள் கப்பல் முந்திக்கொண்டது. கேம்பல் பேக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது, மத்தியானம் புறப்பாடு. அன்று காலையில்தான் அந்த வருஷத்து முதல் மழையும் வந்தது. தகரத்தில் கல்லைக் கொட்டுகிற மாதிரி மழை. எல்லாரும் லைன் வாசலுக்குள்ளே நிற்கிறோம். அவர் பலகைக்கு அந்தப் பக்கம், குடையைப் புத்தகத்துக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நிற்கிறார். ஆட்டோக்காரன் பெட்டியை ஏற்றப் போகிறான். இனி மழைக்காலம், தண்ணீருக்கு அவர் தேவையில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் உள்ளே போகவில்லை. "இதுலயா போவான்?" என்று மண்டல் தாதா தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"அண்ணே," என்றார் ரஹ்மத் அக்கா. அழுகையா மழையா தெரியவில்லை. "பத்து வருசம் ஆகாமத் திரும்பி வர ஒரு வழியும் இல்லையா உங்க ஊர்ச் சட்டத்துல?"

சார் யோசித்தார். சட்டம் என்று கேட்டால் அவர் பொய் சொல்ல மாட்டார். "ஒண்ணு உண்டு தாயி. ஒரு தடவை பாரசீகன் கப்பல் கப்பலாப் படையெடுத்து வந்தான். அப்ப வெளிய அனுப்புனவங்களை எல்லாம் ஊருக்குள்ள திரும்பக் கூப்பிட்டாங்க. பாரசீகன் வந்தா கூப்பிடலாம். வேற வழி இல்ல."

எல்லாரும் மழையைப் பார்த்தோம். ஆட்டோக்காரன் பெட்டியைத் தூக்கினான்.

என் கால் எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியாது. பலகைக்கு மேல் நின்றுகொண்டிருந்தேன்.

"வந்துட்டான் சார்," என்றேன்.

"யாருடே?"

"பாரசீகன்."

சார் என்னைப் பார்த்தார். மழைத்தண்ணீர் அவர் புருவத்திலிருந்து சொட்டியது. "எங்க?"

"ஜெட்டியில. எறங்கிட்டான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார். கடைக்கு மைதா எடுக்கப் போனப்ப."

"எத்தனை கப்பல்?"

"நெறைய சார். கடலே தெரியல."

எனக்குப் பின்னால் அந்த ஏலக் குரல் கேட்டது. "ஹாம் பி தேகா! நானும் பார்த்தேன்! பஹுத் கப்பல்!"

"அண்ணே, எங்க கடை முக்கு வரைக்கும் வந்துட்டான். சீக்கிரம் உள்ள வாங்க," என்றார் ரஹ்மத் அக்கா.

சுக்கான் சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மண்டல் தாதாவின் மாமியார் கிழவி விஷயம் புரியாமல், ஆனால் எல்லாரையும் விட வேகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு சார் குடையை மடக்கினார். "அப்பச் சரி," என்றார். "ஊருக்கு ஆபத்துன்னா என்ன செய்ய." பலகையைத் தாண்டி உள்ளே வந்தார். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் ஏழாம் நம்பரில்தான் இருக்கிறார். வயசான காலத்தில் அகலத்தோளாரும் நல்ல ராஜாவைத் தேடுவதை விட்டுவிட்டு நல்ல சட்டத்தை எழுத உட்கார்ந்தாராம். அதனால் குழாய் முறையை சாரும் பெயிண்டால் சுவரில் எழுதிவிட்டார், நாலு பாஷையில். கோடையில் வாசலில் உட்கார்ந்து கூவுவதும் அவர்தான். அவர் அறையில் வாளி கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டிலிருந்து அவருக்குத் தண்ணீர் போகும். எங்கள் முறையில் நானே கொண்டுபோய் வைப்பேன்.

பாரசீகன் திரும்பிப் போய்விட்டானா என்று அவர் இன்றுவரை எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் யாரும் சொல்வதாக இல்லை.

ஷாதிபூர்,
ஆவணி 2, ஞாயிற்றுக்கிழமை.